சட்டை கழற்றாத கொள்கை

ஜூன் 9, திங்கள்

மறுசிந்தனை வட்டத்தின் துணைத் தலைவராக நேற்று என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். தலைவர் பேராசிரியர் ஞானசிகாமணி என்னை அறிமுகப்படுத்திப் பேசினார். "பத்தொம்பது வருசமா நம்ம தாணு ஒரு கோயில் வாசலையும் தாண்டினதில்ல. பெஞ்சாதி உள்ள போவா. இவரு வெளிய செருப்புக்குக் காவல் நிப்பாரு. அதாக்கும் கொள்கை!" கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தாணுமாலயன் என்ற என் முழுப் பெயரில் சிவன், திருமால், அயன் என்று மூன்று கடவுள்கள் இருக்கிறார்கள், மாற்றிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். மின்வாரியப் பணிப்பதிவேட்டில் பெயர் மாற்ற எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்று விளக்கினேன். மூவரையும் அப்படியே விட்டுவிட முடிவாயிற்று.

இந்த நாட்குறிப்பை வெளியூர்க்காரர் யாரேனும் படிக்க நேர்ந்தால் அவருக்காக ஒரு தகவல். எங்கள் மாவட்டத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். துண்டைத் தோளில் போட்டால்கூட இடுப்பில் கட்டச் சொல்வார்கள். இந்தத் தகவலுக்கும் என் கொள்கைக்கும் தொடர்பில்லை.

காலையில் படுக்கை விரிப்பை மொட்டை மாடியில் உதறினேன். வழக்கமான தூசிதான்.

ஜூன் 11, புதன்

துணைத் தலைவருக்கென்று ஞானசிகாமணி கருப்புச் சட்டைத் துணி கொண்டுவந்தார். நல்ல துணி. மறுத்துவிட்டேன். சீருடை என்பதும் ஒரு வகை மதச் சின்னமே என்று தொடங்கி, நிறங்களை வழிபடும் மனநிலை வரை போய் முடித்தேன். கருப்பின் மீது தோளில் விழுவதெல்லாம் பளிச்சென்று தெரியும் என்பதைச் சொல்லவில்லை. வாதத்துக்கு அது தேவைப்படவில்லை.

"ஓய், இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல" என்று அவர் எழுந்து கைகுலுக்க வந்தார். நான் கும்பிட்டேன். கைகுலுக்குவது அந்நிய வழக்கம் என்பது என்னுடைய இன்னொரு கொள்கை.

அவர் போனதும் ஸ்ரீகலா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள். "இன்னும் எத்தன கொள்கை வச்சிருக்கீங்க? முடிவெட்டுக கடைக்குப் போகாததுக்கு ஒண்ணு. ஆத்துல குளிக்காததுக்கு ஒண்ணு. அரைக்கைச் சட்டை போடாததுக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் பேரு ஒண்ணுதானே. சொரியாசிஸ்."

"தோல் வறட்சி" என்று திருத்தினேன்.

இருபது வருட மனைவி. என் தலைமுடியை அவள்தான் வெட்டுகிறாள். ஆகவே வாதிடுவதில் ஒரு எல்லை உண்டு, முக்கியமாகக் கத்தரி அவள் கையில் இருக்கும்போது.

ஜூன் 12, வியாழன்

உள்ளதை எழுதிவைக்கிறேன், ஒரு ஆவணத்துக்காக. முழங்கை இரண்டிலும் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய திட்டுகள். காதுக்குப் பின்னால் தொடங்கித் தலைக்குள் போகும் ஒன்று. இடது முழங்காலில் ஒன்று. முதுகில் இருப்பதை நான் பார்த்ததில்லை. "இலங்கை மாதிரி இருக்கு. யாழ்ப்பாணம் வரைக்கும் தெளிவா" என்பது ஸ்ரீகலா தந்த வர்ணனை.

மேலே வெள்ளிபோலச் செதில். சுரண்டினால் மெழுகுவத்தியைச் சீவியதுபோல உதிரும். மேலும் சுரண்டினால் அடியில் சிவப்பு, அதில் ஊசி முனையளவு ரத்தப் புள்ளிகள். நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள். அரிப்பு உண்டு. மழையிலும் அலுவலக ஆய்வுக் காலத்திலும் அதிகம்.

இவை தவிர உடம்பு நலம்.

ஜூன் 15, ஞாயிறு

தங்கை செண்பகா கணவனோடும் குழந்தையோடும் வந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், நான்கு ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு பிறந்த குழந்தை. ஆதிரா. ஆறாம் மாதம். அவர்கள் உள்ளே வரும்போது நான் சாப்பாட்டு மேசைக்கு மறுபக்கம் இருந்தேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

"அண்ணே, ஆடி பொறக்கதுக்கு முன்ன சோறூட்டு வச்சிரலாம்னு இருக்கோம். ஜூலை பதிமூணு, ஞாயிற்றுக்கிழம. வடக்கூர் மகாதேவர் கோயில். தாய்மாமன் மடியில வச்சாக்கும் குடுக்கணும். தெரியும்லா?"

"தெரியும். ஆனா என் நிலைப்பாடு..."

"மச்சான், நீங்க சாமி கும்பிடாண்டாம்" என்றான் மைத்துனன் குற்றாலம். எப்போதும் சமாதானம் பேசுகிறவன். "கண்ண மூடிட்டு உக்காந்தா போதும். சட்டையக் கழத்திட்டு ஒரு பத்து நிமிசம்."

குழந்தை மேசைக்கு மேல் என்னை நோக்கிக் கையை நீட்டியது. எதையாவது பிடித்து வாயில் வைக்கிற வயது. நான் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டேன். அன்றைய தலையங்கம் சுமார்.

செண்பகா குழந்தையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு பேசினாள். "நீ என் பிள்ளைய இன்னும் தொட்டதில்லண்ணே. ஆஸ்பத்திரியில வாசல்லயே நின்னே. கிருமி வரும்னு சொன்னே. பேரு விட்ட அன்னைக்கு ஆடிட்டுன்னு வரல்ல. நேந்து பெத்த பிள்ளைங்கதுனாலயா? உனக்கக் கொள்கைக்கு என் பிள்ள ஆகாதா?"

"அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"நீ வரல்லன்னா இவருக்க சிநேகிதன் ஒருத்தன் உக்காருவான். ஆளா இல்ல? ஆனா அதுக்கப்புறம் உனக்கு அண்ணன் உண்டான்னு யாராவது கேட்டா, இல்லன்னு சொல்லிருவேன். பாத்துக்கோ."

காப்பி குடிக்காமல் போனார்கள். குழந்தையின் சிறு துண்டு ஒன்று நாற்காலியில் கிடந்தது. பால் வாடை. அதைத் துவைத்துக் காயப்போட்டேன். என் துணிகளோடு சேர்க்காமல், தனியாக, வெந்நீரில்.

குழந்தைகள் எனக்குப் பொதுவாகவே பிடிக்காது.

ஜூன் 16, திங்கள்

மழை. வலது முழங்காலும் சேர்ந்துகொண்டது.

ஜூன் 20, வெள்ளி

வெட்பாலைத் தைலம் தீர்ந்தது. தேங்காயெண்ணெயில் இலையைப் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். சில ஆண்டுகளாக என் பனியன்களும் ஊதாதான். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அரிப்பை ஓரளவு தணிக்கும். மற்றபடி பனியன் வியாபாரிக்கு லாபம்.

இத்தனை ஆண்டுகளில் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை நினைத்துப்பார்த்தேன். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டது. கத்தரிக்காய். கெட்ட ரத்தம். போன பிறவியில் நான் ஒரு பாம்பை அடித்துக் கொன்றதாக அத்தை சொல்கிறாள். எனக்குப் போன பிறவியில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எந்தப் பாம்பு என்று சற்று யோசித்தேன்.

ஜூன் 28, சனி

ஸ்ரீகலா டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். நாகர்கோவிலில் தோல் டாக்டர், மெர்லின் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னார். ஸ்ரீகலாவைத் தவிர வேறொருவர் முன்னால் கழற்றி வெகுகாலமாயிற்று. மின்விசிறியின் காற்று முதுகில் பட்டது வேடிக்கையாக இருந்தது.

டாக்டர் என் முழங்கையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். கையுறை போட மறந்துவிட்டார் போல. நினைவுபடுத்தினேன். "எதுக்கு?" என்றார்.

"காலையில எழுந்ததும் விரல் மடக்க முடியுதா சார்?"

"கொஞ்ச நேரம் ஆகும். வயசாகுதுல்லா."

"நாப்பத்தெட்டு ஒரு வயசா? இந்த மோதிர விரல் மட்டும் ஏன் வீங்கியிருக்கு?"

பேனா பிடிப்பதால் என்றேன். பேனாவை மோதிர விரலால் பிடிப்பதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். விரல் வீக்கமும், நகக் குழியும், தோலும் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றார். உடம்பின் பாதுகாப்புப் படை ஆள் தெரியாமல் சொந்தத் தோலையே எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு மாதத்தில் மெல்ல வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாளிலேயே முண்டியடித்துக்கொண்டு மேலே வருகிறது. அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் செதில். தோலோடு நிற்காமல் மூட்டுக்கும் போகலாம். விட்டுவைத்தால் விரல் கோணிவிடும். அறவே ஒழிக்க மருந்து இல்லை, அடக்கிவைக்க நிறைய இருக்கிறது. ரத்தம் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை.

"மருந்துக் கடையில ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைன்னு வாங்கிப் போட்டுராதீங்க. உடனே மறையும். நிறுத்தினா உடம்பு முழுக்கக் கிளம்பும். செதிலைப் பிய்க்காதீங்க, தேய்க்காதீங்க. புண்ணான இடத்துலயே புதுசா வரும்."

எல்லாம் தெளிவாக இருந்தது. எழுந்திருக்கும்போது பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். "என் நண்பர் ஒருத்தருக்கு இது உண்டு. அவரு ஒரு கைக்குழந்தைய... மடியில வைக்கலாமா?"

"உங்க நண்பருக்கும் முழங்கையிலயும் முதுகிலயுமா?"

"ஆமா."

ஸ்ரீகலா மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஒட்டாது சார். தொட்டா ஒட்டாது. மடியில வச்சா, முத்தம் குடுத்தா, ஒரே துண்டுல துடைச்சா, ஒட்டாது. சில குடும்பத்துல வம்சமா வரலாம், வராமலும் போகலாம். அது தொடுறதுனால வர்றது இல்ல. உங்க நண்பரு எத்தன வருசமா பிள்ளைங்களத் தொடாம இருக்காரு?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஸ்ரீகலா பேச மாட்டாள் என்று நினைத்திருந்தேன். "எங்க பையன் நிகில் காலேஜுக்குப் போயிட்டான் டாக்டர். அவனையும் இவரு தூக்கினதில்ல" என்றாள்.

வரும் வழியில் இரண்டு தேங்காய் வாங்கினோம். ஒன்று அழுகல்.

ஜூலை 2, புதன்

செய்தி எப்படியோ ஞானசிகாமணிக்குப் போய்விட்டது. டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"ஓய், தங்கச்சி பிள்ளைக்குச் சோறூட்டாமே? நீரு உள்ள போவீரா?"

"யோசிக்கேன்."

"யோசிக்கதுக்கு என்னவே இருக்கு? இன்னைக்குச் சட்டையக் கழத்துவீரு, நாளைக்கு மொட்டை போடுவீரு. உள்ள கால் வச்சீரோ, துணைத் தலைவர் போச்சு. வேணும்னா பிள்ளைய நம்ம கூட்ட அறைக்குக் கொண்டுவரச் சொல்லும். அறிவியல் முறையில சோறூட்டலாம்."

"அறிவியல் முறைன்னா எப்படி?"

அவர் தீவிரமாக யோசித்தார். "கரண்டியில" என்றார்.

டாக்டர் எழுதித்தந்த களிம்பைப் போடத் தொடங்கியிருக்கிறேன். முழங்கையில் சிவப்பு கொஞ்சம் மங்கியதுபோல இருக்கிறது. முதுகு அப்படியே. கேள்வி இப்போது எளிதாகிவிட்டது. குழந்தைக்கு ஒட்டாது. ஆகவே பாக்கி இருப்பது ஊர் பார்ப்பது மட்டும்தான். மட்டும்தான் என்று எழுதுவது எளிது.

ஜூலை 11, வெள்ளி

ஒரு முட்டாள்தனம். ஞாயிறுக்குள் முதுகைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்கிவிடலாம் என்று பீர்க்கங்காய் நார் வாங்கிவந்து வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். செதில் முழுவதும் போயிற்று. கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஏறத்தாழ மனித முதுகு. அரை மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு எரிந்தது. பனியன் ஒட்டிக்கொண்டது. ஸ்ரீகலா அதைத் தண்ணீர் விட்டு நனைத்து மெல்ல எடுத்தாள்.

"டாக்டர் தேய்க்காதீங்கன்னு சொல்லும்போது எங்க இருந்தீங்க?"

"அங்கதான்."

"இப்ப இலங்கை இல்ல. மொத்த இந்தியாவும் வந்தாச்சு. போதுமா?"

ஜூலை 12, சனி

போவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குக் காய்ச்சல் என்று செண்பகாவிடம் சொல்லிவிடும்படி ஸ்ரீகலாவைக் கேட்டுக்கொண்டேன்.

"காய்ச்சல் வந்தா நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் நாளைக்கு உடுத்தச் சேலை தேய்க்கணும்."

வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாசல் வரை போவது கொள்கைக்கு விரோதமல்ல என்பதால் போனேன். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் செருப்புகளோடு நின்றேன். வாசலிலிருந்து பார்த்தால் கொடிமரத்துக்குப் பக்கத்தில் சோறூட்டு மண்டபம் நேராகத் தெரியும். நான்கைந்து குழந்தைகள் வரிசையில் இருந்தன. குற்றாலத்தின் சிநேகிதன் சட்டையில்லாமல் தயாராக நின்றான். உடற்பயிற்சிக்குப் போகிறவன். அவன் நெஞ்சும் முதுகும் எண்ணெய் பூசிய தேக்குப் பலகைபோல இருந்தன. எங்கும் ஒரு பழுது இல்லை. அவன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான்.

குழந்தை வீரிட்டது. செண்பகா அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். தட்டிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நின்றிருப்பேன். எனக்குக் கோபத்துக்குப் பதில் சொல்லத் தெரியும்.

பொத்தானைக் கழற்ற முயன்றேன். ஈரக் காற்றில் விரல்கள் மடங்கவில்லை. ஸ்ரீகலா எப்போது வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"செருப்பு?" என்றேன்.

"யாரும் எடுக்க மாட்டாவ. வாங்க."

பனியனையும் கழற்றினேன். கொடிமரம் வரை நடந்தது நினைவிருக்கிறது. யார் பார்த்தார்கள் என்று தெரியாது. நான் தரைக் கற்களைப் பார்த்துக்கொண்டு போனேன். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டும்படி பூசை செய்யும் போத்தி சைகை காட்டினார். கட்டினேன்.

செண்பகா முழங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைச் சுற்றி நடந்து முதுகைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் விலைக்கு வந்த மாட்டைப் பார்வையிடுவதுபோல, எந்தக் கூச்சமும் இல்லாமல்.

"இது என்னண்ணே?"

"சொரியாசிஸ்." வேறு பெயர் அந்த நேரத்தில் வரவில்லை. "ஒட்டாது. டாக்டர்ட்ட கேட்டாச்சு. தொட்டா ஒட்டாது. நிச்சயமா ஒட்டாது."

"எவ்வளவு நாளா?"

"நிகில் பொறக்கதுக்கு முன்னாலயே."

"அப்ப இதுக்காக்குமா? இத்தன வருசமும்? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னது, பேரு விட்டப்ப வராதது, எல்லாம் இதுக்கா?" குரல் ஏறியது. "கிறுக்கா உனக்கு? சாமி இல்லன்னு சொன்னியே, பாவி! நான் உன்னப் பெரிய அறிவாளின்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்!"

"அம்மா, சண்டைய வெளிய போய்ப் போடுங்கோ" என்றார் போத்தி. "பின்னால ரெண்டு பிள்ளைக நிக்கி. மாமன் யாரு? உக்காரும் வே."

உட்கார்ந்தேன். செண்பகா குழந்தையை மடியில் போட்டாள். வைத்தாள் என்று எழுத முடியாது, போட்டாள். அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மூக்கைச் சேலையில் துடைத்தாள்.

ஆறு மாதக் குழந்தை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம். சூடாகவும் இருக்கிறது. உப்பு, புளி, பிறகு சோறு என்று போத்தி தந்த தங்க மோதிரத்தால் நாக்கில் தொட்டு வைத்தேன். புளிக்கு முகத்தைச் சுளித்தது. சோற்றை என் நெஞ்சில் துப்பியது. பிறகு கீழே பார்த்து, என் இடது முழங்கைத் திட்டை ஐந்து விரலாலும் பற்றிக்கொண்டது.

டாக்டர் சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை முழுவதும் சொல்லிப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. அதுவும் எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சிநேகிதன் எடுத்த புகைப்படம் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. என் முதுகை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் பார்த்தது கொடிமரத்தை.

ஞானசிகாமணி தொலைபேசியில் வந்தார். "என்ன ஓய் இது?"

உள்ளதைச் சொன்னேன். நான் கொள்கைக்காகக் கோயிலுக்குப் போகாமல் இருந்தவன் அல்ல, சொரியாசிஸுக்காகப் போகாமல் இருந்தவன் என்று ஆதாரங்களோடு விளக்கினேன். கருப்புச் சட்டையை மறுத்த காரணத்தையும் சொன்னேன்.

"வியாதியச் சாக்காச் சொல்லாதீரும் வே. உம்மட சீருடைப் பேச்ச நான் மூணு கூட்டத்துல மேற்கோள் காட்டியாச்சு. அவ்வளவு ஆழமான சிந்தனை தோல்ல இருந்து வருமா? தங்கச்சிக்காக இறங்கிட்டேன்னு ஆம்பளையா ஒத்துக்கிடும்."

ஒத்துக்கொள்ளவில்லை. நீக்கப்பட்டேன்.

மாலையில் வடக்கூர் கோயில் திருப்பணிக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் பழத்தட்டோடு வந்தார்கள். மனம் திரும்பியதற்கு வாழ்த்து. கமிட்டியில் துணைத் தலைவர் பதவி காலியாக இருக்கிறதாம். அவர்களிடமும் விளக்கினேன். மகாதேவர் எப்படியெல்லாம் ஆட்கொள்கிறார் என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

பழம் நன்றாக இருந்தது.

ஜூலை 19, சனி

ரத்தப் பரிசோதனை சரி. முதல் வார மாத்திரை. லேசான குமட்டல். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். என் நண்பர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டார். பரவாயில்லை என்றேன்.

நிகிலுக்குத் தொலைபேசி செய்தேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டானாம். அடுத்த விடுமுறைக்கு எப்போது வருகிறான் என்று கேட்டேன். "ஏன்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்றான். வந்தால் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

செண்பகாவும் ஸ்ரீகலாவும் துணிக்கடைக்குப் போனார்கள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள் செண்பகா. "அழுதா தட்டு. அப்பவும் அழுதா உனக்க சீருடைப் பேச்சு ஏதோ உண்டாமே, அதச் சொல்லு. தூங்கிரும்."

பேச்சு வரை போக வேண்டியிருக்கவில்லை. சாய்வு நாற்காலியில் என் வெறும் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டது. கன்னத்தில் என் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. ஊதினேன், பறந்துபோயிற்று. அவர்கள் திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

அதுவரை முதுகு அரித்துக்கொண்டே இருந்தது. சொறியவில்லை.